பெயர் சொல்லிப் பாடியவர்: கோவனும் காவிரிப் படுகையும்



2015 அக்டோபர் 30ஆம் நாள், பொழுது விடிவதற்கு முன்பே சென்னைப் போலீசார் திருச்சிக்கு வந்து ஒரு பாடகரைக் கைது செய்தார்கள். அவர் மக்கள் கலை இலக்கியக் கழகத்தின் கோவன். அவர் செய்த குற்றம் இரண்டு பாட்டு. 'மூடு டாஸ்மாக்கை மூடு' என்பது ஒன்று. ஊர்தோறும் சாராயக் கடை திறந்த அரசை நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்டது மற்றொன்று. அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதாவை அவர் நேராகவே சாடியிருந்தார். அதற்கு அவர்மேல் பாய்ந்த சட்டப் பிரிவுகளில் ஒன்று இந்திய தண்டனைச் சட்டத்தின் 124அ, தேசத்துரோகம். ஆயுள் தண்டனை வரை விதிக்க இடம் தந்த பிரிவு அது.

அந்த ஆண்டின் சூட்டை இங்கே இருக்கும் மாணவர்கள் அறிந்திருக்க வாய்ப்பில்லை. அரசின் மது விற்பனை நிறுவனமான டாஸ்மாக் 1983இல் தொடங்கப்பட்டது. 2003 நவம்பரில் சில்லறை மதுக்கடைகளையும் அரசே எடுத்து நடத்தத் தொடங்கியது. 2014-15இல் மது மூலம் வந்த வருவாய் 24,000 கோடி ரூபாயைத் தொட்டது. 2015 ஜூலை 31 அன்று, மதுவிலக்குக்காகப் பல ஆண்டுகள் போராடிய காந்தியவாதி சசிபெருமாள், குமரி மாவட்டம் உண்ணாமலைக்கடையில் கைப்பேசிக் கோபுரத்தில் ஏறிப் போராடியபோது உயிரிழந்தார். அதன் பிறகு பெண்களும் கல்லூரி மாணவர்களும் கடை வாசலில் திரண்டார்கள். கோவனின் பாட்டு அந்தத் திரளுக்குள்ளிருந்து வந்தது. அறுவடைக் கூலியில் பாதி, வீடு சேரும் முன்பே பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கரைந்துபோவதைப் பார்த்துப் பார்த்துச் சலித்த நம் ஊர்ப் பெண்களுக்கு அந்தப் பாட்டை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அப்போது நல்லவர்கள் பலர் என்னிடம் கேட்ட கேள்வி ஒன்று உண்டு. "மதுக்கொள்கையைக் குறை சொல்லட்டும். ஆளைப் பெயர் சொல்லிப் பாடுவானேன்?" பாடகரைச் சிறையில் அடைத்தது தவறு என்று ஒப்புக்கொண்டவர்கள்கூட இந்த இடத்தில் தயங்கினார்கள். இன்றைய என் பேச்சு முழுவதும் அந்தத் தயக்கத்துக்கு நான் சொல்லும் பதில்தான்.

தஞ்சாவூரில் நின்றுகொண்டு இந்தக் கேள்வியைக் கேட்கலாமா? ஆள்பவரைப் பெயர் சொல்லிப் பாடுவதைக் கலையாகவே வளர்த்த ஊர் இது. கல்வெட்டை மெய்க்கீர்த்தியோடு தொடங்கும் வழக்கத்தை நிலைநிறுத்தியவன் முதலாம் இராசராசன். அவன் வென்ற நாடுகளின் பட்டியல் பெரிய கோயிலின் கல்லில் இன்றும் இருக்கிறது. எண்ணூறு ஆண்டு கழித்து, மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோசியைப் பாட்டுடைத் தலைவராக வைத்துக் கொட்டையூர் சிவக்கொழுந்து தேசிகர் சரபேந்திர பூபாலக் குறவஞ்சி எழுதினார். அதுவும் அந்தக் கோயிலிலேயே ஆடப்பட்டது. பெயர் சொல்லிப் புகழும்போது யாரும் இதைக் கொள்கையோடு நிறுத்திக்கொள்ளக் கூடாதா என்று கேட்கவில்லை. வெற்றிக்கு ஒரு முகம் உண்டென்றால் தோல்விக்கும் ஒரு முகம் இருந்தாக வேண்டும். அணை கட்டியவர், கோயில் எடுத்தவர், திட்டம் கொடுத்தவர் என்று பெயர் போட்டுக்கொள்கிற ஆட்சி, குடும்பம் கெட்டது யாரால் என்று கேட்டால் மட்டும் துறைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளக் கூடாது.

நம் நாட்டுக்கு வசையும் புதிதன்று. காளமேகம் கதையை இந்த அவையில் நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. திருமலைராயன்பட்டினத்தில் தன்னை அவமதித்தவர்கள்மேல் அவர் பாடிய வசையால் அந்த ஊர் மண்மாரி பெய்து அழிந்தது என்று செவிவழியாக வருகிறது. வரலாறா கற்பனையா என்பது இருக்கட்டும். கவிஞன் வாய் திறந்தால் அரசனும் அஞ்ச வேண்டும் என்று மக்கள் விரும்பியதற்கு அந்தக் கதையே சாட்சி.

இன்னும் பின்னால் போனால், இதே வட்டாரத்தில், இன்று திருச்சி நகரத்துக்குள் இருக்கும் உறையூரிலேயே, ஒரு புலவர் கைதான செய்தி புறநானூற்றில் கிடைக்கிறது. சோழன் நலங்கிள்ளியிடமிருந்து புறப்பட்டு உறையூருக்குள் வந்த இளந்தத்தன் என்ற புலவனை ஒற்றன் என்று ஐயுற்று, நலங்கிள்ளியின் பகைவனான மற்றொரு சோழன் நெடுங்கிள்ளி கொல்ல முனைந்தான். கோவூர் கிழார் போய் நின்றார். புலவர் வாழ்க்கை எப்படிப்பட்டது, அவர்களால் யாருக்கும் தீங்கு உண்டா என்று எடுத்துச் சொல்லி அவனைக் காப்பாற்றினார். இதே கோவூர் கிழார்தான் அந்தக் கிள்ளிகள் இருவரையும் பார்த்து, யார் தோற்றாலும் தோற்பது உங்கள் குடியே என்று முகத்துக்கு நேரே சொன்னவர். நெடுங்கிள்ளி கேட்டுக்கொண்டான். உறையூர்க் கோட்டைக்குள் முற்றுகையில் சிக்கி, உயிருக்கே அஞ்சிக் கிடந்த ஒரு மன்னனுக்கு இருந்த செவி, பெரும்பான்மை பலத்தோடு ஆண்ட அரசுக்கு இல்லாமல் போனது எனக்கு ஆற்றாமையாகவே இருக்கிறது.

புலவர்கள் ஒருபுறம் இருக்கட்டும். கோவனின் பாட்டு வடிவம் ஏடுகளிலிருந்து வரவில்லை, வயலிலிருந்து வந்தது. நடவுக்கு இறங்கும் பெண்களை நினைத்துப் பாருங்கள். முழங்கால் அளவு சேறு. இடது கையில் நாற்று முடி, வலது கை பிரித்துப் பிரித்து ஊன்றுகிறது. வரிசையில் ஒருத்தி பாட்டெடுப்பாள், மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். எடுப்பவளின் மூச்சுக்கு வாங்குபவர்கள் ஓய்வு தருகிறார்கள், வாங்குபவர்களின் கைக்கு எடுப்பவள் தாளம் தருகிறாள். தொடக்கத்தில் சாமி வரும், பிறகு அண்ணன், மாமன், ஊர்க் கேலி. வெயில் ஏறியதும் வரப்பில் குடை பிடித்து நிற்கும் பண்ணைக் காரியக்காரர் பாட்டுக்குள் வந்துவிடுவார். மரக்கால் குறைத்து அளந்தவர், பொழுது சாய்ந்த பிறகும் கரையேற விடாதவர் எல்லாரும் பெயரோடு வருவார்கள். அவர் என்ன செய்ய முடியும்? பாடியது யார் என்று கேட்டால் வரிசை முழுவதும் பாடியிருக்கிறது. நிறுத்தச் சொன்னால் நடவு நின்றுவிடும்.

சவுக்கடியும் சாணிப்பாலும் பண்ணையாளுக்குத் தண்டனையாக இருந்த கீழத்தஞ்சையில், 1940களில் பி. சீனிவாச ராவ் போன்றவர்கள் விவசாயத் தொழிலாளர்களைச் சங்கமாகத் திரட்டியபோது, இந்தப் பாட்டுமுறைதான் செங்கொடியோடு சேர்ந்து நடந்தது. வெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவு 44 பேர் எரிக்கப்பட்ட பிறகு அந்தத் துயரத்தையும் அதுவே சுமந்தது.

கோவன் மேடையில் செய்வதும் இதைத்தான். பறை முழங்குகிறது, அவர் ஒரு வரி எடுக்கிறார், குழு வாங்குகிறது, மூன்றாம் முறை கூட்டம் வாங்குகிறது. இணையத்துக்கும் வாட்ஸப்புக்கும் போனபோது அந்தக் கூட்டம் பெரிதானது, அவ்வளவே. கைதுச் செய்தி பரவியதும் அதுவரை கேட்காதவர்களும் தேடிப் பிடித்துக் கேட்டார்கள். வரப்பில் நின்ற காரியக்காரருக்குப் புரிந்த ஒன்று சென்னைப் போலீசின் சைபர் குற்றப் பிரிவுக்குப் புரியாமல் போயிற்று.

அந்தப் பாட்டில் எல்லாச் சொற்களும் எனக்கு உவப்பானவை என்று நான் சொல்ல மாட்டேன். சில கேலிகளை நான் எழுதியிருக்க மாட்டேன். அது ரசனை பற்றிய வாதம். திண்ணையிலும் பத்திரிகையிலும் பேசித் தீர்க்க வேண்டியதைப் போலீஸ் நிலையத்துக்குக் கொண்டுபோகக் கூடாது. 1962இல் கேதார்நாத் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், வன்முறையைத் தூண்டிப் பொது அமைதியைக் குலைக்கும் பேச்சுக்குத்தான் 124அ பொருந்தும், அரசைக் கடுமையாகக் கண்டிப்பதற்குப் பொருந்தாது என்று தெளிவாக்கியிருந்தது. அதற்கு 53 ஆண்டுகளுக்குப் பிறகு, கடையை மூடு என்று பாடியவர்மேல் அந்தப் பிரிவைப் போட்டார்கள். கோவனைப் போலீஸ் காவலில் எடுக்க அரசு உச்ச நீதிமன்றம் வரை போனது, அங்கே எடுபடவில்லை. நவம்பர் நடுவில் அவருக்கு ஜாமீன் கிடைத்தது. 2016 மே மாதம் மீண்டும் முதலமைச்சரான ஜெயலலிதா பதவியேற்ற நாளிலேயே 500 மதுக்கடைகளை மூட ஆணையிட்டார். தேசத்துரோகம் என்று சொல்லப்பட்ட கோரிக்கையின் ஒரு பகுதி அரசாணையாக வந்தது.

இரண்டாம் கைதுக்கு வருகிறேன். அது நம் தண்ணீரோடு சேர்ந்தது.

2018 பிப்ரவரி 16 அன்று காவிரி வழக்கில் உச்ச நீதிமன்றம் இறுதித் தீர்ப்பு வழங்கியது. நடுவர் மன்றம் தமிழ்நாட்டுக்கு 192 டிஎம்சி என்று வகுத்திருந்ததை, மாநில எல்லையான பிலிகுண்டுலுவில் 177.25 டிஎம்சி என்று குறைத்தது. அந்தக் குறையை விழுங்கிக்கொண்டு, தீர்ப்பைச் செயல்படுத்தும் அமைப்பாவது ஆறு வாரத்தில் வரும் என்று படுகை காத்திருந்தது. மார்ச் 29 வந்தது, கெடு முடிந்தது, அமைப்பு வரவில்லை. முந்தைய ஆண்டுதான் தமிழ்நாடு முழுவதும் வறட்சி அறிவிக்கப்பட்டிருந்தது. 2011க்குப் பிறகு அதுவரை, வழக்கமான ஜூன் 12ஆம் நாளுக்குள் மேட்டூர் மதகு உயரவே இல்லை. குறுவை என்ற சொல்லையே பிள்ளைகள் மறந்துகொண்டிருந்த காலம் அது. ரயில் மறியல், கடையடைப்பு, கறுப்புக்கொடி என்று ஏப்ரல் கொதித்தது. அந்த நேரத்தில் காவிரிக்காகவும், தமிழ்நாட்டுக்குள் வந்த ரத யாத்திரையை எதிர்த்தும் கோவன் பாடிய பாட்டு, பிரதமர் மோடியைச் சாடியது. பாரதிய ஜனதா கட்சியைச் சேர்ந்த ஒருவர் புகார் கொடுத்தார். ஏப்ரல் 13 அன்று திருச்சியில் மறுபடியும் கைது, மறுபடியும் ஜாமீன்.

முன்னே மாநில அரசு, பின்னே மத்திய ஆளுங்கட்சி. கட்சி வேறு, கொடி வேறு, கோபம் ஒன்றே: என் தலைவர் பெயரை ஏன் சொன்னாய்? கடைமடைக்காரனைக் கேட்டால் பதில் சொல்வான். மனு கொடுத்தால் துறைக்குப் போகிறது, துறையிலிருந்து ஆணையத்துக்கு, ஆணையத்திலிருந்து நீதிமன்றத்துக்கு. நாற்று மட்டும் நாற்றங்காலிலேயே முற்றிப்போகிறது. யாரிடம் கேட்பது என்று அவனுக்குத் தெரிய வேண்டாமா? அந்த ஒரு பெயரைத்தான் பாட்டு சொல்லிக் கொடுக்கிறது. தீர்ப்பு கேட்ட அமைப்பான காவிரி மேலாண்மை ஆணையம் கடைசியில் அந்த ஆண்டு ஜூன் 1 அன்று அரசிதழில் அறிவிக்கப்பட்டது. மேட்டூர் ஜூலை 19இல் திறந்தது.

124அ பிரிவை 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்தது. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் அந்தப் பெயர் இல்லை. ஆனால் கிட்டத்தட்ட அதே இடத்தில் 152ஆம் பிரிவு இருக்கிறது. அதைப் படித்துப் பாருங்கள் என்று சட்ட மாணவர்களை மட்டுமல்ல, பாட வருகிறவர்களையும் கேட்டுக்கொள்கிறேன்.

இந்தச் சொற்பொழிவை நடத்தும் அறக்கட்டளையினரிடம் எனக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. நடவு எந்திரம் வந்துவிட்டது, பாட்டெடுக்கும் பெண்கள் ஊருக்கு ஒருவர் இருவர்தான் மிச்சம். அறக்கட்டளை நிதியில் ஒரு பகுதியை ஒதுக்கி, அவர்கள் பாட்டுகளை, வசையில் வரும் பெயர்களை ஒன்றுகூட நீக்காமல், பாடியவர் பெயரோடும் ஊரோடும் பதிவு செய்து தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் சேருங்கள். அடுத்த ஆண்டு இந்தச் சொற்பொழிவை அவர்களில் ஒருவர் நிகழ்த்தட்டும். பேச வேண்டாம், பாடினால் போதும்.