பப்பாளிக்கு ஒரு காப்பு

பப்பாளிக் காயின் பச்சைத் தோலில் வளையம் வளையமாகப் புள்ளிகள் தோன்றி, இலைகள் மஞ்சள் பூத்துச் சுருங்கி, மரமே குன்றிப்போவதைக் கண்டிருப்பீர்கள். அசுவினிப் பூச்சி சுமந்துவரும் வைரஸின் வேலை அது.

ஹவாய்த் தீவில் பப்பாளி செழித்திருந்த பூனா வட்டாரத்தில் 1992-இல் இந்நோய் பிரவேசித்துத் தோட்டம் தோட்டமாக நாசம் விளைத்தது. நல்லவேளையாக, அத்தீவிலேயே பிறந்த விஞ்ஞானி டென்னிஸ் கொன்சால்வெஸ், தம் சகாக்களுடன், அந்த வைரஸின் மேலுறைக்குரிய மரபணுவையே பப்பாளியில் முன்னதாகச் சேர்த்துப் பார்த்திருந்தார். அம்மை குத்திய குழந்தையை அம்மை அண்டாததுபோல, அந்த மரத்தை அந்நோய் அண்டவில்லை. ஆம், வைரஸின் துணுக்கே வைரஸுக்குப் பகையாயிற்று!

1998-இல் அம்மரத்தின் விதைகள் விவசாயிகளுக்கு இலவசமாகவே வழங்கப்பட்டன. அந்தத் தயாளத்தை எத்தனை போற்றினாலும் தகும். ஆயினும் ஹவாய் வைரஸுக்கென அமைந்த காப்பு, வேறு தேசத்து வைரஸ் வகைகளிடம் அவ்வளவாகப் பலிப்பதில்லை. அந்தந்த மண்ணின் நோய்க்கு அந்தந்த மண்ணிலேயே ஆராய்ச்சி நடந்தாக வேண்டும்.