மூன்று வருஷக் கணக்கு



இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவுக்கு 'அயல்நாட்டு வாழ்வா, தாயக வாழ்வா' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறீர்கள். பட்டிமன்றத் தலைப்புப் போல இருக்கிறது. பட்டிமன்றம் என்றால் நடுவர் இரண்டு அணியையும் தட்டிக்கொடுத்துவிட்டு இரவு பஸ்ஸைப் பிடித்துவிடலாம். இங்கே அந்த வசதி இல்லை. பேசியதை அச்சிலும் ஏற்றிவிடுவோம் என்று செயலாளர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். ஆகவே தலைப்பைச் சுருக்கிக்கொள்கிறேன். செட்டிநாட்டில் நின்றுகொண்டு இதைப் பேசுகிறவன் அமெரிக்காவுக்குப் போவதற்கு முன்னால் பர்மாவுக்குப் போய்வர வேண்டும்.

1852-இல் கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் கைக்குப் போனது. ஐராவதிக் கழிமுகத்துக் காடுகள் வயலாகின. 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்த பிறகு பர்மா அரிசிக்கு ஐரோப்பாவில் கிராக்கி ஏறியது. காடு வெட்டவும் மாடு வாங்கவும் நடவுக்கும் பர்மிய விவசாயிக்குக் கடன் வேண்டியிருந்தது. வெள்ளைக்கார பாங்கு அவனை வாசற்படி ஏற்றாது. அந்த பாங்கிலே கடன் வாங்கி, தங்கள் பணத்தையும் சேர்த்து, அவனுக்குக் கொடுத்தவர்கள் நகரத்தார்கள் என்கிற செட்டியார்கள். 1929-30-இல் பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு கணக்கெடுத்தபோது சுமார் 1,650 செட்டியார் கடைகள் இருந்தன. புழங்கிய பணம் 75 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டார்கள். அன்றைய 75 கோடி.

இந்தக் கடைகளுக்கு ஆள் போன விதம்தான் என் விஷயம். 'கொண்டுவிற்கப் போவது' என்பார்கள். பத்துப் பன்னிரண்டு வயதில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, அடுத்தாளாகி, பிறகு ஏஜெண்டாக உயர்ந்து, கையில் நாலு காசு சேர்ந்ததும் தனிக்கடை போடுவது. ஒவ்வொரு பயணத்துக்கும் சம்பளச் சீட்டு எழுதிக்கொள்வார்கள். எந்த விலாசத்துக்கு, அதாவது எந்த நிறுவனத்துக்கு, எந்த ஊர்க் கடைக்கு, எத்தனை காலம், எவ்வளவு சம்பளம், கிளம்பும்போது முன்பணம் எவ்வளவு எல்லாம் அதில் இருக்கும். காலம் பெரும்பாலும் மூன்று வருஷம். முன்பணம் குடும்பத்துக்கு, மீதி, காலம் முடிந்து கணக்கு ஒப்படைத்த பிறகு. லாபத்தில் ஒரு பங்கும் உண்டு. மூன்று வருஷம் முடிகிறபோது அடுத்த ஏஜெண்டு கப்பலில் வந்து இறங்குவார். பேரேடு கைமாறும், ஐந்தொகை எடுப்பார்கள், பழையவர் ஊருக்குக் கிளம்புவார். ஊரில் சில காலம் இருந்து வீடு கட்டுவார், கோயில் திருப்பணி பார்ப்பார், பெண்ணுக்குக் கல்யாணம் முடிப்பார். பிறகு மறுபடியும் ரங்கூன் மொகல் தெரு.

போவதா இருப்பதா என்று அவர்கள் தலையைப் பிய்த்துக்கொள்ளவில்லை. போகிற நாளோடு திரும்புகிற நாளையும் ஒரே சீட்டில் எழுதிக்கொண்டார்கள். அந்த நாளைக் குறித்தது ரங்கூன் சர்க்காரோ பாங்கோ அல்ல, அவர்களுடைய சொந்தக் கடை. நான் இன்று சொல்ல வந்தது இது ஒன்றுதான்: அயல்நாட்டு வாழ்வு நல்லதா கெட்டதா என்பது திரும்பும் நாள் யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. சம்பளம், குளிர், சாப்பாடு, பிள்ளைகளின் தமிழ் எல்லாம் அதற்குப் பிற்பாடு.

மனைவிமார் பெரும்பாலும் கூடப் போகவில்லை. இதைத் தியாகம் என்று சொல்லி முடித்துவிடுவது நம் பேச்சாளர்களின் வழக்கம். நான் கொஞ்சம் வேறு மாதிரி பார்க்கிறேன். சீதனமாக வந்த பணத்தை இந்த மனைவிமார், அதாவது ஆச்சிமார், கடைகளில் வட்டிக்குப் போட்டிருந்தார்கள். 'ஆச்சிமார் பணம்' என்று கணக்கில் அதற்குத் தனித் தலைப்பே உண்டு. அதாவது ஊரில் இருந்தவரும் அந்த வியாபாரத்தில் பங்காளி. கல்யாணமானதும் 'வேறு வைத்து', ஒரே வளவுக்குள் தனி அடுப்பு, தனிச் செலவு என்று குடும்பத்தை நடத்தியவரும் அவரே. ஆனால் கணக்கில் ஏறாததும் உண்டு. தகப்பனார் கப்பலேறியபோது வயிற்றிலிருந்த பிள்ளை, மூன்று வயதில் முகப்பில் வந்து நிற்கிற ஆளைப் பார்த்து யாரோ என்று ஆச்சியின் சேலைக்குப் பின்னால் போய் நிற்கும். இன்று சுற்றுலா வருகிறவர்கள் பர்மாத் தேக்குத் தூணைக் கட்டிக்கொண்டு படம் எடுக்கிறார்கள். அந்த வீடுகள் ஆண்கள் இல்லாத வீடுகளாகவே பெரும்பாலான நாள் இருந்தன என்பது படத்தில் வராது.

இவ்வளவு கவனமாகக் கணக்குப் பார்த்தவர்கள் எங்கே மாட்டிக்கொண்டார்கள்? நெல்லில். 1930-இல் உலக மந்தம் வந்தது, நெல் விலை படுத்துவிட்டது. வட்டியும் வரவில்லை, முதலும் வரவில்லை. ஈடு வைத்த நிலம்தான் வந்தது. கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-இல் செட்டியார் கையில் இருந்த நிலம் 6 சதவீதம். 1938-இல் அது 25 சதவீதம். நிலம் வேண்டும் என்று அவர்கள் போகவில்லை, பணம்தான் அவர்கள் சரக்கு. பணத்தைச் சுருட்டிக்கொண்டு கிளம்பலாம், வயலை என்ன செய்வது? ஏஜெண்டு மூன்று வருஷத்தில் திரும்பினார், முதல் திரும்பவில்லை. எட்டே வருஷத்தில் வெளியூர்க்காரன் கையில் இருந்த வயல் நாலில் ஒரு பங்காகப் பெருகியதைப் பார்த்த பர்மியன் என்ன நினைத்திருப்பான் என்று எந்தக் கடையிலும் பற்று எழுதவில்லை. 1930-லும் 1938-லும் கலவரம் வந்தது. 1937-இல் பர்மா இந்தியாவிலிருந்து பிரிக்கப்பட்டது. அப்போதும் கடைகள் திறந்தே இருந்தன.

1941 டிசம்பர் 23 அன்று ஜப்பான் விமானங்கள் ரங்கூனில் குண்டு போட்டன. அடுத்த சில மாதங்களில் நான்கைந்து லட்சம் இந்தியர்கள் பர்மாவை விட்டு வெளியேறினார்கள், பெரும்பாலோர் கால்நடையாக. அரக்கான் மலை தாண்டிச் சிட்டகாங்குக்கு ஒரு வழி, டமு வழியாக இம்பாலுக்கு ஒரு வழி. அந்த நடையிலும் வெள்ளையருக்கு நல்ல பாதை, மற்றவருக்கு மோசமான பாதை என்று பிரித்தார்கள். காலராவிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் பல்லாயிரம் பேர் வழியிலேயே போய்விட்டார்கள். ரங்கூனில் 'ஜோதி' என்ற மாத இதழை நடத்திய வெ. சாமிநாத சர்மா தம் மனைவியோடு அந்த வழி நடந்து வந்தவர். பர்மா வழிநடைப் பயணத்தைப் பற்றி அவர் எழுதியதை மாணவர்கள் நூலகத்தில் எடுத்துப் படிக்க வேண்டும். திரும்பும் நாளை இம்முறை ஜப்பான்காரன் குறித்தான்.

கடைக்காரர்களைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். கப்பலின் திறந்த தளத்தில் உட்கார்ந்து போகிற மலிவு டிக்கெட்டில் போனவர்களும் இருந்தார்கள். ராமநாதபுரத்துக் கரிசலிலும் தஞ்சாவூர்ப் பண்ணைகளிலும் கூலியாக இருந்தவர்கள். அவர்கள் கையில் சம்பளச் சீட்டு இல்லை. சிலர் தலையில் ஆள் பிடிக்கிற மேஸ்திரியிடம் வாங்கிய கடன் மட்டும் இருந்தது. ஆனால் பண்ணையார் வீட்டு வாசலில் கைகட்டி நின்ற ஒருவனிடம் 'தாயகத்தை விட்டுப் போகலாமா?' என்று கேட்பது, மன்னிக்க வேண்டும், வயிறு நிறைந்தவர்களின் கேள்வி. ஊரில் அவனுக்குச் செருப்புப் போட்டு நடக்க ஒரு தெரு இல்லை. துறைமுகத்தில் மூட்டை தூக்கினாலும் சாயங்காலம் அவன் டீக்கடையில் உட்கார்ந்து குடித்தான். 'தாயகம்' என்று மேடையில் பேசுகிறபோது யாருடைய தாயகம் என்று கேட்க ஒருவராவது எழுந்திருக்க வேண்டும்.

யுத்தம் முடிந்து பலர் மறுபடியும் போனார்கள். 1948-இல் நிலங்களை நாட்டுடைமையாக்கச் சட்டம் வந்தது. 1962 மார்ச்சில் நே வின் ஆட்சியைப் பிடித்தார். 1963-இல் பாங்குகள் போயின. 1964-இல் சின்னக் கடைகளும் போயின. அதே ஆண்டு மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்றார்கள். ஏறக்குறைய மூன்று லட்சம் இந்தியர்கள் கிளம்பினார்கள். சென்னைத் துறைமுகத்தில் இறங்கியவர்களை 'தாயகம் திரும்பியோர்' என்று பதிவு செய்தார்கள். அவர்களில் பலர் இந்த மண்ணை அதுவரை பார்த்ததே இல்லை. வியாசர்பாடியில் குடியேறினார்கள், பர்மா பஜாரில் கடை போட்டார்கள். கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே இன்றைக்கும் அத்தோ என்கிற பர்மிய நூடுல்ஸ் கிண்டிக் கொடுக்கிறார்கள்.

சிலருக்கு இந்த ஊர் ஒட்டவே இல்லை. பர்மாவுக்கே திரும்பிவிடலாம் என்று மணிப்பூர் வரை போய், மோரே எல்லையில் கடக்க முயன்றார்கள். பர்மிய ராணுவம் விடவில்லை. திரும்பித் தமிழ்நாட்டுக்கு வரவும் மனமில்லை. எல்லையிலேயே குடிசை போட்டுவிட்டார்கள். மோரேயில் ஒரு தமிழ்ச் சங்கம் இருக்கிறது, அங்காளபரமேசுவரி கோயில் இருக்கிறது, இட்லிக் கடை இருக்கிறது. அயல்நாடு எது, தாயகம் எது என்று பிரித்துக் காட்டுகிற கோட்டை அவர்களுக்கு எங்கே போடுவது? தலைப்புக் கொடுத்தவர்கள்தான் எனக்கு உதவ வேண்டும்.

இனி உங்கள் காலத்துக்கு வருகிறேன். அமெரிக்காவின் எச்-1பி விசா முதலில் மூன்று வருஷம். பிறகு இன்னொரு மூன்று. நம் பாட்டனார்களின் சீட்டிலிருந்த அதே மூன்று வருஷம். வித்தியாசம் என்னவென்றால், வேலை போனால் அதிகபட்சம் 60 நாளில் வேறு வேலை தேட வேண்டும், இல்லையேல் கிளம்ப வேண்டும். பச்சை அட்டை வரிசையில் ஒரு நாட்டுக்கு 7 சதவீதம் என்ற வரம்பு இருப்பதால் இந்தியருக்கு வருஷக் கணக்கில் காத்திருப்பு. அதற்குள் அங்கே வீட்டுக்கடன், பிள்ளைக்குப் பள்ளிக்கூடம். 'ரெண்டு வருஷம் சம்பாதிச்சிட்டு வந்துர்றேம்மா' என்று சொல்லிப் போனவர் பொய் சொல்லவில்லை. நாள் அவர் கையைவிட்டு நழுவியது, கீழ்ப் பர்மாவில் பணம் நிலமாக இறுகியதைப் போல.

வளைகுடாவில் நேர் எதிர். அங்கே எத்தனை வருஷம் இருந்தாலும் சாதாரணத் தொழிலாளிக்குக் குடியுரிமை என்ற பேச்சுக்கே இடமில்லை. ஒப்பந்தம் முடிந்தால் திரும்பித்தான் ஆக வேண்டும். நாளைக் குறிப்பவர் பெரும்பாலும் கபீல், அதாவது விசாவுக்குப் பொறுப்பேற்ற முதலாளி. பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைப்பது சட்டவிரோதம்தான்; பிடுங்கி வைப்பதும் நடக்கத்தான் செய்கிறது. 1990 ஆகஸ்டில் ஈராக் குவைத்துக்குள் புகுந்தபோது சுமார் 1,70,000 இந்தியர்களை அம்மான் வழியாக ஏர் இந்தியா கொண்டுவந்து சேர்த்தது. கொண்டுவந்ததைச் சினிமாவாகவே எடுத்துவிட்டோம். வந்தவர்கள் பிறகு எப்படிப் பிழைத்தார்கள் என்று யாரும் படம் எடுக்கவில்லை.

ஊரிலேயே இருப்பவருக்கும் இதே கேள்வி உண்டு. வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புகிற ஏஜெண்டுக்குக் கொடுக்கப் பணமில்லாமல் இருப்பவர், பத்தாம் வகுப்புத் தேறாததால் பாஸ்போர்ட்டில் 'குடியகல்வு அனுமதி தேவை' என்ற முத்திரை விழுந்து அலைகிறவர், படுக்கையில் கிடக்கும் மாமனாரைப் பார்த்துக்கொள்ள வேலையை விட்ட மருமகள் ஆகிய மூவரும் 'தாயகத்தைத் தேர்ந்தெடுத்தவர்கள்' ஆகமாட்டார்கள். அவர்களை மேடையில் தேசபக்தர்களாக்குவது வேண்டாம்.

கடைசியாக ஒருமுறை நம் கடைக்காரர்களிடம் திரும்புகிறேன். பர்மாவில் கிடந்த வயல் போய்விட்டது. முன்கூட்டியே ஊருக்கு வந்த பணம் நின்றது: 1929-இல் சிதம்பரத்தில் எழுந்த அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் அக்கரைப் பணம் இருக்கிறது. அன்றைய கடையில் இன்னொன்றும் இருந்தது, திரும்பி வந்த ஆளுக்கு ஊரில் ஓர் இடம். அவர் அனுபவத்துக்கு மதிப்பு இருந்தது, அடுத்த சீட்டு காத்திருந்தது. துபாயில் இருபது வருஷம் வெல்டராக இருந்துவிட்டுப் புதுக்கோட்டைக்குத் திரும்புகிறவர் சொந்தப் பட்டறைக்குக் கடன் கேட்டு பாங்குக்குப் போனால், மூன்று வருஷ வருமான வரிக் கணக்கு எங்கே என்று கேட்கிறார்கள். இங்கே வருமானமே இல்லாதவர் எந்தக் கணக்கைக் காட்டுவார்? இருபது வருஷ வேலைக்குக் கையில் சான்றிதழும் கிடையாது.

இந்த அறக்கட்டளை ஒரு காரியம் செய்யலாம். அடுத்த ஆண்டு என்னைப் போல இன்னொருவரைக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்துகிற செலவில், பொருளியல் மாணவர்களைச் சுற்று வட்டார ஊர்களுக்கு அனுப்புங்கள். திரும்பி வந்தவர்கள் யார், எந்த நாட்டிலிருந்து, என்ன வேலை தெரியும், ஏன் திரும்பினார்கள், இப்போது என்ன செய்கிறார்கள் என்று வீடு வீடாக எழுதிக்கொண்டு வரட்டும். கேள்வித்தாளை நானே தயாரித்துத் தருகிறேன். அதற்குத் தட்சணை வேண்டாம்.