வேலிக்கு வெளியே ஒரு களம்

(வெள்ளி விழாக் கூட்டத்தில் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



கல்வியைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் என்னைப் பணித்தார். கல்வியின் சிறப்பை எனக்கு முன் பேசியோர் விரிவாக எடுத்துரைத்துவிட்டனர். ஆகவே நான் ஒரு விளையாட்டின் வரலாற்றைச் சொல்ல விழைகிறேன். விளையாட்டுக்கும் வெள்ளி விழாவுக்கும் என்ன தொடர்பு என்பது இறுதியில் விளங்கும்.

நான் படித்த பள்ளியில் மாலை வேளைகளில் மற்ற மாணவர்கள் பந்து விளையாடுவர். நானும் என் தெருப் பிள்ளைகளும் திடலின் ஓரத்தில் நிற்போம். முள்வேலிக்கு அப்பால் விழுந்த பந்தை எடுத்து எறிவது எங்கள் பணி. எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்கும் துணிவு எங்களுக்கு இல்லை; சேர்த்துக்கொள்ளும் எண்ணம் அவர்களுக்கும் இல்லை. பல ஆண்டுகள் கழித்து, அமெரிக்க நாட்டில் இவ்வாறே களத்துக்கு வெளியே நிறுத்தப்பட்ட கறுப்பின மக்கள் என்ன செய்தனர் என்று படித்தபோது, அந்த முள்வேலி என் கண்முன் வந்து நின்றது.

பேஸ்பால் அமெரிக்கரின் பெருவிளையாட்டு. பக்கத்துக்கு ஒன்பது பேர். ஒருவர் பந்தை எறிய, எதிர்ப்பக்கத்தவர் உருண்டையான மட்டையால் அடித்துவிட்டு, நான்கு தளங்களையும் சுற்றி ஓடி வந்தால் ஓர் ஓட்டம். இதில் தோலின் நிறத்துக்கு வேலையே இல்லை. ஆயினும் 1887-ஆம் ஆண்டு ஒரு லீக்கின் உரிமையாளர்கள் கூடி, இனிக் கறுப்பர் எவரையும் புதிதாக அமர்த்துவதில்லை என்று வாக்கெடுத்து முடிவு செய்தனர். பெரிய லீக்குகளில் அப்படி எழுதப்பட்ட சட்டம் ஏதுமில்லை. ஆனால் 1884-க்குப் பின் 1947 வரை அங்கே ஒரு கறுப்பரும் வெளிப்படையாக ஆடியதில்லை. எழுதப்பட்ட சட்டத்தினும் எழுதப்படாத வழக்கம் வலியது என்பது நமக்குப் புதிய செய்தி அன்று.

அக்காலத்தில் டெக்ஸாஸ் மாநிலத்தில் 1879-இல் பிறந்தவர் ஆண்ட்ரூ ஃபாஸ்டர். 'ரூப்' என்பது அவருடைய பட்டப்பெயர். தந்தையார் கிறித்தவ மதபோதகர். ஃபாஸ்டர் பந்தெறிவதில் நிகரற்றவர். அவர் நடத்திய லீலண்ட் ஜயன்ட்ஸ் குழு 1910-இல் 123 ஆட்டங்களில் வென்று 6-இல் மட்டுமே தோற்றதாகக் கூறுவர். மறு ஆண்டு சிகாகோ நகரில் ஜான் ஷார்லிங் என்னும் வெள்ளையரோடு கூட்டுச் சேர்ந்து சிகாகோ அமெரிக்கன் ஜயன்ட்ஸ் என்னும் குழுவை அமைத்தார். பெரிய லீக்கின் வெள்ளையர் குழு ஒன்று விட்டுச் சென்ற திடலே அவர்களுடைய களமாயிற்று.

திறமை இருந்தது, கூட்டமும் வந்தது. ஆயினும் ஃபாஸ்டரின் மனத்தில் அமைதி இல்லை. பல நகரங்களில் ஆட்டத்துக்கு நாள் குறிப்பவரும் திடலை வாடகைக்கு விடுபவரும் வெள்ளைத் தரகர்கள். வியர்வை சிந்தியவர் ஒருவர், வசூலை எண்ணியவர் மற்றொருவர். ஆட்டக்காரர்களும் சற்றே கூடுதல் ஊதியம் கிடைத்தால் பருவத்தின் நடுவிலேயே குழு மாறினர். 1919 கோடையில் சிகாகோவில் இனக்கலவரம் மூண்டு 38 பேர் மாண்டனர். பிறர் மனம் மாறும் வரை காத்திருந்தால் வாழ்நாள் போதாது என்று ஃபாஸ்டர் கண்டார்.

1920 பிப்ரவரி 13 அன்று கன்சாஸ் நகரின் ஒய்.எம்.சி.ஏ. கட்டடத்தில் குழு உரிமையாளர்களை ஒன்றுகூட்டினார். கறுப்பினப் பத்திரிகையாளர் சிலரும் ஒரு வழக்கறிஞரும் அமர்ந்து விதிகளை எழுதினர். ஒருவர் குழுவிலிருந்து மற்றவர் ஆளை இழுத்தல் கூடாது. குழு ஒவ்வொன்றும் 500 டாலர் முன்பணம் கட்ட வேண்டும். எட்டுக் குழுக்கள் சேர்ந்து, அன்றைய வழக்கின்படி 'நீக்ரோ தேசிய லீக்' என்று பெயர் சூட்டிக்கொண்டன. இளைஞர்களே, இதனைக் கருதுங்கள். அவர்கள் முதலில் எடுத்தது மட்டையை அன்று, பேனாவை.

மே மாதம் 2-ஆம் நாள் இண்டியனாபொலிஸ் நகரில் லீக்கின் முதல் ஆட்டம் நடந்தது. அந்நகரக் குழு 4-க்கு 2 என்ற கணக்கில் சிகாகோ ஜயன்ட்ஸ் என்னும் மற்றொரு குழுவை வென்றது. அந்த இண்டியனாபொலிஸ் குழுவில் ஆஸ்கார் சார்ல்ஸ்டன் என்னும் ஒப்பற்ற வீரர் இருந்தார். முந்திய ஆண்டு அவர் ஃபாஸ்டரின் குழுவில் ஆடியவர். ஒரே குழு எப்போதும் வென்றால் மக்கள் சலிப்பர், லீக் அழியும் என்று உணர்ந்து, தம் மிகச் சிறந்த வீரரைப் போட்டிக் குழுவுக்கு விட்டுக்கொடுத்தார் ஃபாஸ்டர்.

அவ்வாறு கொடுத்த பின்னும் அந்தப் பருவத்தின் முதலிடம் அவர் குழுவுக்கே கிடைத்தது. 1921, 1922 ஆகிய ஆண்டுகளிலும் அவ்வாறே. கியூபா நாட்டவரான கிறிஸ்டோபல் தோரியென்தே ஓங்கி அடிப்பதில் வல்லவர். மற்றவர்க்கோ விரைவும் விவேகமுமே படைக்கலம். மட்டையை வீசாமல் பந்தை மெல்லத் தடுத்து அருகில் விழச்செய்து, எதிரி அதை எடுப்பதற்குள் அடுத்த தளத்தை அடையும் கலையை ஃபாஸ்டர் நாள்தோறும் பயிற்றினார். அவர் ஓரமாக அமர்ந்து தம் புகைக்குழாயால் சைகை காட்டுவார் என்றும் சொல்வர்.

துன்பங்களும் குறைவில்லை. சில குழுக்களுக்குச் சொந்தத் திடலே இல்லை. பல ஊர்களில் கறுப்பருக்குத் தங்கும் விடுதியும் உணவும் மறுக்கப்பட்டன. வழிச்செலவுக்குப் பணமின்றித் தவித்த குழுக்களுக்கு ஃபாஸ்டர் தம் கைப்பணத்தையும் அனுப்பினார். டேட்டன் நகரக் குழு முதற்பருவத்தோடு விலகிற்று. தலைவரும் அவரே, ஒரு குழுவின் உரிமையாளரும் அவரே, ஆட்ட நாள் குறிப்பவரும் அவரே. வசூலில் நூற்றுக்கு ஐந்து பங்கு அவரிடம் செல்வது பற்றியும், தம் குழுவுக்குச் சாதகமாக நடக்கிறார் என்றும் முணுமுணுப்பு எழுந்தது. அது முற்றிலும் பொய் என்று நான் வாதாட வரவில்லை. எல்லாப் பொறுப்பும் ஒரே கையில் இருந்தால் நேர்மையாளரும் ஐயத்துக்கு இடமாவார்.

1926-இல் ஃபாஸ்டருக்கு மனநலம் குன்றியது. மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட அவர் 1930 டிசம்பர் 9 அன்று மறைந்தார். அதன் பின் நடந்ததே நமக்குப் பாடம். அவருடைய குழுவில் 1920 முதல் ஆடிவந்தவர் டேவ் மாலர்ச்சர், கல்லூரியில் பயின்றவர், அமைதியானவர். ஃபாஸ்டரின் அருகிருந்து ஆட்டத்தின் நுட்பம் அனைத்தையும் கற்றவர். அவர் பொறுப்பேற்று 1926, 1927 ஆகிய ஈராண்டும் குழுவை வெற்றி பெறச் செய்தார். குழு பிழைத்தது. லீக்குக்கு ஒரு நீதிபதி தலைவராக வந்தார். ஆனால் ஃபாஸ்டர் தனியொருவராய்ச் சுமந்த சுமையை ஏற்கப் பழகியவர் இல்லை. பொருளாதார மந்தமும் சேர்ந்துகொள்ள, 1931-ஆம் ஆண்டோடு லீக் கலைந்தது.

எனினும் விதைத்தது வீண்போகவில்லை. 1933-இல் அதே பெயரில் புதிய லீக் ஒன்று எழுந்தது. 1947-இல் பெரிய லீக்கின் கதவைத் திறந்துகொண்டு சென்ற ஜாக்கி ராபின்சன், 1945-இல் கன்சாஸ் நகரத்துக் கறுப்பினக் குழுவில் ஆடியவர். 1981-இல் ஃபாஸ்டருக்குப் பேஸ்பால் புகழ்மண்டபத்தில் இடம் கிடைத்தது. 2020-இல், அந்தப் பழைய லீக்குகளும் பெரிய லீக்குகளே என்று அமெரிக்கப் பேஸ்பால் நிருவாகம் ஒப்புக்கொண்டது. முதற்பருவம் நடந்து சரியாக நூறாண்டுகள் கழிந்திருந்தன.

அன்பர்களே, நம் சங்கத்துக்கு இருபத்தைந்து வயது. தோற்றுவித்த பெரியோர் இம்மேடையில் அமர்ந்துள்ளனர். அவர்களுடைய தலை நரைத்திருப்பதை நான் காண்கிறேன். சங்கத்தின் கணக்குப் புத்தகத்தைப் பார்த்த இளைஞர் இங்கே எத்தனை பேர்? விதிகளைப் படித்தவர் எத்தனை பேர்? பெரியோர்களே, உங்கள் அருகில் ஓர் இளைஞரை அமர்த்தி, கணக்கெழுதவும் கூட்டம் நடத்தவும் இன்றே பழக்குங்கள். இளைஞர்களே, அழைப்பு வரட்டும் என்று ஓரத்தில் நில்லாதீர்கள். இது உங்கள் திடல். இங்கே முள்வேலி இல்லை.