பந்தயக் காரும் எஃகுக் கூண்டும்

பந்தயக் கார் என்றதும் உங்கள் நினைவுக்கு முதலில் வருவது வேகம். மாணவர்களாகிய உங்களை நான் குறை கூறவில்லை. நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். கோயம்புத்தூரில் ஒரு சிறு பட்டறையில் பழைய கார் ஒன்றைப் பந்தயத்துக்கென மாற்றியமைக்க முற்பட்டபோதுதான், இயந்திரத்தைக் காட்டிலும் ஓட்டுகிறவனைச் சூழ்ந்து நிற்கும் எஃகுக் கூண்டே எங்கள் நாட்களை விழுங்கக் கண்டேன்.

விபத்து நேர்ந்தால் காரிலிருந்து வெளியே தூக்கியெறியப்படுவதே நல்லது என்று நம்பிய வீரர்கள் ஒரு காலத்தில் பலர் இருந்தனர். தீயைப் பற்றிய அச்சமே அதற்குக் காரணம். 1966-இல் பெல்ஜியத்து ஸ்பா பந்தயத்தில், ஜாக்கி ஸ்டூவர்ட் மழையில் தடம் விலகி, நசுங்கிய காருக்குள் பெட்ரோலில் நனைந்தபடி ஏறத்தாழ 25 நிமிடம் சிக்கிக் கிடந்தார். பார்வையாளர் ஒருவரிடம் இரவல் பெற்ற ஸ்பானரைக் கொண்டு ஸ்டீயரிங் சக்கரத்தைக் கழற்றித்தான் சக வீரர்கள் அவரை மீட்டனர். அன்றுமுதல் ஓட்டுநரின் பாதுகாப்புக்காக அவர் ஓயாது வாதாடினார்.

கணக்கொன்று போட்டுப் பாருங்கள். மணிக்கு 72 கிலோமீட்டர், அதாவது விநாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் செல்லும் உடல், அரை மீட்டர் தூரத்துக்குள் நிற்க வேண்டுமாயின், தன் எடையைப் போல் சுமார் 40 மடங்கு விசையைத் தாங்க வேண்டும். 70 கிலோகிராம் உடல் 2,800 கிலோகிராமாய்க் கனக்கும் என்று கொள்ளலாம்! ஆகவேதான் பந்தய இருக்கை உடலைக் கைக்குள் வைத்தாற்போல் அணைத்து நிற்கிறது; வார்ப்பட்டைகள் மென்மையான வயிற்றை விடுத்து, இடுப்பெலும்பையும் தோள்களையும் பற்றுகின்றன.

இனிக் கூண்டு. பன்னாட்டு விதிகளின்படி, ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னே எழும் முதன்மை வளைவு இணைப்பே இல்லாத ஒரே குழாயாக இருத்தல் வேண்டும். 45 மில்லிமீட்டர் விட்டத்துக் குழாயெனில் சுவர்த் தடிப்பு 2.5 மில்லிமீட்டர். அதன் கால்கள் காரின் மெல்லிய தரைத் தகட்டை ஆணிபோல் துளைத்துவிடாதபடி, அடியில் அகன்ற எஃகுத் தகடு வைத்துப் பற்றவைப்பார்கள்.

எங்கள் குழாய் வளைந்து வந்தபோது, ஒரு வளைவின் உட்புறத்தில் சிறு சுருக்கம் தெரிந்தது. பந்தயத்துக்கு எட்டே நாள். வர்ணம் பூசினால் மறைந்துவிடும் என்று சொன்னவன் வேறொருவனல்லன், நானேதான். வெல்டிங் செய்யும் முதியவர் கைக்கருவியைக் கீழே வைத்தார்.

“கார் உருண்டால் மடங்கப்போவது இந்த இடந்தானே, ஐயா? உள்ளே உட்காரப்போவது உங்கள் அக்காள் மகன். நான் பற்றவைக்க மாட்டேன்.”

அவருக்குச் சொல்ல என்னிடம் விடையில்லை. புதுக் குழாய் வரவழைத்தோம். அந்தப் பந்தயம் எங்களுக்கு இல்லாமற்போயிற்று. என் மருமகன் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அடுத்த பந்தயத்தில் அவன் நான்காவதாக வந்தான். கூண்டின் மஞ்சள் வர்ணத்தில் ஒரு கீறல்கூட இல்லை. சுருங்கிய பழைய குழாய் இன்னமும் பட்டறைச் சுவரில் சாய்ந்து நிற்கிறது. முதியவர் அதில் தம் துண்டைக் காயப்போடுகிறார்.