இறால் வயலும் கரிப்புகையும்



கடல்சார் நிலத்திற்கு நெய்தல் எனப் பெயர் சூட்டி, அதன் மரமும் புள்ளும் மீனும் வகுத்தறிந்தது தமிழினம். கண்டல், தில்லை, சுரபுன்னை என்று அலையாத்தி மரங்கட்குத் தனித்தனிப் பெயருண்டு. அம்மரங்கள் நிற்கும் சேற்றில் உயிர்வளி புகாது; உதிர்ந்த இலையும் இற்ற வேரும் எளிதில் மட்காமல் நூற்றாண்டுக் கணக்கில் கரியாய்த் தேங்கிக் கிடக்கும். காட்டை வெட்டிச் சேற்றைக் கிளறி இறாற்குட்டை அமைத்தால், அக்கரி காற்றொடு கலந்து கரிவளியாய் வானேறும். தாய்லாந்திலும் ஈக்குவடோரிலும் நேர்ந்த கேடு இதுவே.

தமிழகத்தில் நேர்ந்தது சற்று வேறு. 1990களில் நாகைக் கடற்கரையின் நெல்வயல்கள் இறாற்குட்டைகளாயின. கிணற்றுநீர் உவர்த்தது, உழுதவன் கூலியற்று நின்றான். காந்தியத் தொண்டர் செகந்நாதன் தொடுத்த வழக்கில், 1996 திசம்பர் 11ஆம் நாள் உச்ச அறமன்றம், கரையோர ஒழுங்குமுறைப் பகுதியில் மரபுவழி அல்லாத இறாற்பண்ணைகளை அகற்றுமாறு தீர்ப்பளித்தது. 2005இல் வந்த சட்டமோ அப்பண்ணைகட்கு மீண்டும் வழிதிறந்துவிட்டது. மன்றம் பூட்டியதைச் சட்டம் திறந்த விந்தை அது!

2009இல் அமெரிக்கக் கண்டத்துப் பெருங்கடற்கரைக்குரிய வனாமி இறால் இந்நாட்டுக் குட்டைகட்குள் புகுந்தது. அதனை நெருக்கமாய் வளர்ப்பதால் நீரில் உயிர்வளி போதவில்லை. பகலில் உயிர்வளி ஈயும் பாசியே இரவில் அதனை உண்ணும். விடியற்குமுன் இறால் மூச்சுத் திணறும். ஆகவே நீரைத் தெறித்துக் காற்றூட்டும் துடுப்புருளைகள் இரவெல்லாம் சுழல்கின்றன. மின்சாரம் நின்றால் தீசல் பொறி உறுமும். கதிரொளி மின்தகடு நட்டுவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடும் என்பார் ஒன்றை மறக்கின்றனர்: கதிரவன் பகலில் காய்கிறான், தேவையோ இரவில். மின்கலமின்றி அத்தகடு பாதிப் பணியே செய்யும். நீரின் உயிர்வளியை அளந்து, வேண்டியபோது மட்டும் உருளையை ஓட்டுதல் அதனினும் எளிது.

தீவனத்தில் மறைந்திருக்கும் புகை இன்னும் பெரிது. ஒரு கிலோ இறாலுக்கு ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ தீவனம் செல்கிறது. மீன்தூளும் சோயாவும் கலந்த அதனை ஆக்கவும் ஏற்றிவரவும் எரிபொருள் வேண்டும். அதிலுள்ள வெடியத்தில் காற்பங்கு அளவே இறாலின் உடலாகிறது; எஞ்சியது சேற்றில் அழுகுகிறது. அச்சேற்றிலிருந்து நைட்ரசு ஆக்சைடு எழும். அது வெப்பத்தைத் தேக்குவதில் கரிவளியினும் ஏறத்தாழ 270 மடங்கு வலிது. உப்புக் குறைந்த குட்டையாயின் மீத்தேனும் மிகுதியாய் எழும். இரைத்தட்டை நாள்தோறும் தூக்கிப் பார்த்து, எஞ்சியிருப்பின் மறுவேளை குறைத்திடும் பண்ணையாளன் தன் பணத்தையும் காக்கிறான், வானையும் காக்கிறான்.

பண்டைச் சேரநாட்டில், இன்றைய கொச்சியைச் சூழ்ந்த பொக்காளி வயல்களில் இத்தொல்லை பெரிதும் இல்லை. மழைத்திங்களில் உப்பு கழுவப்பட, நெல் விளைகிறது. கதிரை மட்டும் அறுத்துத் தாளை நீரில் விட்டுவிடுவர். கார்த்திகைக்குப்பின் தூம்பு திறக்க, ஓதநீரொடு இறாற்குஞ்சு உள்ளே வரும்; அழுகிய தாளில் பல்கும் நுண்ணுயிர்களே அதற்கு இரை. உருளையும் இல்லை, தீசலும் இல்லை. விளைவு குறைவுதான், அதனை மறைப்பானேன்? அறுவடைக்கு ஆள்கிடையாமல் அவ்வயல்களும் சுருங்கி வருகின்றன.

நோய்தாக்கிக் கைவிடப்பட்ட குட்டைகளில் பணிக்கு இடமுண்டு. பிச்சாவரத்திலும் முத்துப்பேட்டையிலும் நீர் தேங்கி அழிந்த அலையாத்திப் பரப்பில், மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி ஓதநீர் பாயச்செய்து கண்டலை மீட்டிருக்கின்றனர். பாழ்பட்ட குட்டையின் கரையையும் அவ்வாறே உடைத்துவிடலாம். அண்மையில் தாய்மரம் இருப்பின், நீரில் மிதந்துவரும் கண்டல்வித்து தானே சேற்றில் ஊன்றிக்கொள்ளும். இல்லையேல் நாற்றுநட ஊர்மக்கள் இறங்க வேண்டும்.