பிள்ளைகளின் உடற்பருமன்



கொழுகொழுவென்றிருக்கும் பிள்ளையே நலமுள்ள பிள்ளை என்னும் எண்ணம் நம்மவரிடையே நெடுங்காலமாக வேரூன்றியுள்ளது. பசியும் மலேரியாக் காய்ச்சலும் கிராமங்களை வாட்டிய நாளில் அவ்வெண்ணம் பிறந்ததில் வியப்பில்லை. இன்றோ நிலைமை வேறு. 2022 ஆம் ஆண்டில் உலகெங்கும் 5 முதல் 19 வயது வரையுள்ளோருள் ஏறக்குறைய 16 கோடிப் பேர் மிகைப் பருமனுடையோராய் இருந்தனரென உலக சுகாதார நிறுவனம் கணித்துள்ளது. வயலும் காடும் சூழ்ந்த எமது வில்கமுவ போன்ற ஊர்களும் இதற்கு விலக்கல்ல. மெலிந்த பிள்ளையும் பருத்த பிள்ளையும் ஒரே வாங்கில் அமர்ந்து கற்கும் காலம் இது.

இவ்வுடற்பருமனால் உள்ளே நிகழ்வது யாது? நாம் உண்ணும் சோறும் மாவும் சீனியாக மாறி இரத்தத்திற் கலக்கின்றன. அச்சீனியை உயிரணுக்களுக்குள் செலுத்துவது இன்சுலின் என்னும் சுரப்பு. வயிற்றிலும் ஈரலிலும் கொழுப்பு மிகும்போது உயிரணுக்கள் இன்சுலினின் ஏவலுக்கு இணங்க மறுக்கின்றன. கணையம் மேன்மேலும் சுரந்து களைப்படைகிறது. நீரிழிவும் இரத்த அழுத்தமும் இளமையிலேயே வந்தடையக்கூடும். சில பிள்ளைகளின் கழுத்துப் புறம் கறுத்துத் தடித்திருப்பதை அழுக்கென்று எண்ணித் தேய்த்தல் ஆகாது. அது இந்நிலையின் அறிகுறியாக இருக்கலாம். வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும்.

பரிகாரம் பட்டினி போடுவதன்று. வளரும் பிள்ளை பலருக்கு நிறை மேலும் ஏறாமல் நின்றாலே போதும். உயரம் வளர வளர உடல் சீர்ப்படும். முதலிற் குறைக்க வேண்டியது இனிப்புப் பானம். 2016 ஆம் ஆண்டில் நம் நாட்டில் பானப் போத்தல்களுக்கு நிறக்குறி விதிக்கப்பட்டபோது, 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனியுள்ளதற்குச் சிவப்பு என வகுத்தனர். அத்தகைய பானம் 400 மில்லிலீற்றர் அருந்தும் பிள்ளை, பதினொரு தேக்கரண்டிக்கு மேற்பட்ட சீனியை விழுங்குகிறது! தாகத்திற்குத் தண்ணீரே சிறந்தது. பணிஸுக்கும் பிஸ்கட்டுக்கும் பதிலாக அவித்த பயறோ கடலையோ கொடுக்கலாம். சோற்றைச் சற்றுக் குறைத்து, வல்லாரை, பொன்னாங்காணி முதலிய கீரைகளையும் காய்கறிகளையும் பெருக்குங்கள். மீனோ முட்டையோ பருப்போ சேருங்கள். இவ்வுணவு குடும்பம் முழுவதற்கும் பொதுவாயிருத்தல் வேண்டும். தம்பிக்குப் பொரியலும் அண்ணனுக்குக் கீரையுமாகப் பரிமாறினால் அண்ணன் மனம் நோவான்.

அடுத்தது உடலுழைப்பு. இயங்கும் தசை, இன்சுலினின் துணை குறைந்தவிடத்தும் சீனியை ஈர்த்துக்கொள்ளும் இயல்புடையது. ஆதலால் நிறை குறையுமுன்னரே ஓட்டமும் ஆட்டமும் பயன் தரத் தொடங்குகின்றன. நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிட உடலியக்கம் பிள்ளைகளுக்கு வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. அந்தி சாய்ந்தால் யானைகள் நடமாடும் எமது பகுதியில் பிள்ளைகளை வெளியே விடப் பெற்றோர் அஞ்சுவது நியாயமே. எனவே அந்த ஒரு மணி நேரத்தைப் பகல் வெளிச்சத்திலேயே தேடிக்கொள்ள வேண்டும். பாடசாலை தொடங்குமுன் கயிறடித்தல், இடைவேளையிற் கிளித்தட்டு, பாடம் முடிந்தபின் எல்லே எனப் பகுத்துக்கொண்டால் அது எளிதிற் கூடிவிடும்.

ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. பருத்த பிள்ளையைப் பட்டப்பெயர் சூட்டி அழைக்கும் வகுப்பில், அப்பிள்ளை மைதானத்தை நாடாது. ஒதுங்கியிருந்து தின்பதிலேயே ஆறுதல் தேடும். ஏளனத்தை முளையிலேயே கிள்ளுங்கள். விளையாட்டில் அப்பிள்ளைக்கும் ஓரிடம் கொடுங்கள். தராசு காட்டும் எண்ணைக் காட்டிலும், நேற்று மூச்சிரைத்த பிள்ளை இன்று இளைப்பின்றி ஓடுகிறதா என்பதையே கவனியுங்கள். அந்த முன்னேற்றத்தை மனமாரப் பாராட்டுங்கள்.