பெடல் சொல்லும் சேதி

கார் பிரேக்கை வீட்டு வாசலிலேயே வைத்துப் பார்ப்பதைக் கலை என்று சொல்லலாமா? தாராளமாகச் சொல்லலாம். ஸ்பேனர் பிடிப்பது அதில் சின்னப் பங்குதான். பெடல் என்ன சொல்கிறது என்று காலுக்குப் புரிவதுதான் பெரும்பங்கு.

அரியாங்குப்பம் போல ஆறும் கடலும் அருகருகே உள்ள ஊரில் இந்தப் பழக்கம் கட்டாயம் வேண்டும். உப்புக்காற்றில் நிற்கிற வண்டிக்குப் பிரேக் பைப்பும், ஏர் எடுக்கும் நிப்பிளும் துருவேறும். பிரேக் ஆயிலும் ஈரம் இழுக்கும். புது டாட் 3 ஆயில் 205 டிகிரி வரையாவது கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது விதி. ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 140க்கு வந்துவிடும். அந்த ஆயிலோடு ஏற்காடு போய், இறக்கம் முழுக்கப் பிரேக்கிலேயே கால் வைத்து வந்தால் உள்ளே ஆவி கட்டிக்கொள்ளும், பெடல் தரையில் போய் உட்காரும். ஆயில் பழசானால் மாற்றிவிட வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

காலின் அழுத்தத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுபோவது இந்த ஆயில்தான். அடைபட்ட திரவத்தில் ஓரிடத்தில் அழுத்தினால் அந்த அழுத்தம் எல்லாப் பக்கமும் குறையாமல் பரவும் என்று சொன்னவர் 17ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல். 1921இல் அமெரிக்காவின் டூசன்பர்க் கார் அந்த விதியை நான்கு சக்கரப் பிரேக்குக்கும் கொண்டுபோனது. நம் சென்னைப் பாடியில் 1962இல் பிரேக் தயாரிக்கும் பிரேக்ஸ் இந்தியா நிறுவனம் தொடங்கியது.

திரவம் அமுங்காது, காற்று அமுங்கும். ஆகவே பெடல் பஞ்சுபோல அமுங்கினால் ஏர் பிடித்திருக்கிறது. மிதித்த காலை எடுக்காமல் வைத்திருக்கும்போதே பெடல் மெல்ல இறங்குகிறதா? எங்கும் ஒழுகலும் இல்லையா? பெடலுக்கு அடுத்துள்ள மாஸ்டர் சிலிண்டருக்குள் ரப்பர் வாஷர் கெட்டிருக்கும். பிரேக் ஆயில் டப்பாவில் அளவு குறைந்தால் உடனே ஊற்றி நிரப்பிவிடாதீர்கள். பேடு தேய்ந்திருக்கிறதா, பின் டிரம்முக்குள் வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியைத் தூக்கினால் உள்ளே ஈரமா என்று முதலில் பாருங்கள். பெடல் இறுகி, மிதிக்கவே பலம் வேண்டியிருந்தால் எஞ்சினை நிறுத்தி நாலைந்து முறை மிதியுங்கள். காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் சற்று இறங்கினால், மிதிக்கும் பலத்தைக் கூட்டும் பூஸ்டர் வேலை செய்கிறது. அசையவே இல்லையென்றால் கோளாறு அங்கேதான்.

ஏர் எடுக்க இரண்டு பேர் வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு வைத்த வண்டியில், சக்கரத்தருகே அப்பா, சீட்டில் மகள்.

"அடிம்மா... இன்னொரு தடவை... பிடி, விடாதே."

"பிடிச்சிருக்கேன்ப்பா."

நிப்பிளைக் கால் சுற்று தளர்த்துகிறார். பாட்டிலில் அமிழ்ந்த கண்ணாடிபோல உள்ளே தெரியும் டியூபில் கறுத்த ஆயிலும் குமிழும் ஓடுகின்றன.

"கீழே போகுதுப்பா!"

"இரு, விடாதே." நிப்பிளை இறுக்கிய பிறகுதான், "இப்போ விடு."

இந்த வரிசை தவறினால் வெளியே போன காற்று திரும்ப உள்ளே வரும். பழைய வண்டியாக இருந்தால் பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வைப்பது நல்ல வழக்கம். இத்தனை வருடம் வாஷர் போகாத இடத்தில் சிலிண்டர் அரித்திருக்கும். பெடல் தரைவரை போனால் அந்தச் சொரசொரப்பில் வாஷர் கிழியும். இடையிடையே டப்பாவில் ஆயில் வற்றவிடக் கூடாது. சிலிண்டரை மண்ணெண்ணெயில் கழுவுவதை நான் அறவே வெறுக்கிறேன். அது பட்ட ரப்பர் ஊதிப்போகும். அதே பிரேக் ஆயிலில் புதிதாகக் கொஞ்சம் எடுத்துக் கழுவினால் போதும்.

துருவில் இறுகிய நிப்பிளோடு மல்லுக்கட்டி அதை முறிப்பதைவிட ஒர்க்‌ஷாப்புக்குப் போன் செய்வது மேல். ஏ.பி.எஸ். பெட்டிக்குள் ஏர் போயிருந்தாலும் அப்படியே; பல வண்டிகளில் அதை வெளியேற்றக் கம்ப்யூட்டர் கருவி வேண்டும்.

வேலை முடிந்ததும் நிப்பிள்களைத் துணியால் துடைத்து, மகளைப் பெடலை அழுத்திப் பிடிக்கச் சொல்லி, எங்காவது கசிகிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். முதல் ஓட்டம் தெருவுக்குள்ளேயே, நடை வேகத்தில் இருக்கட்டும். பெடல் மேலேயே நிற்கிறது, வண்டி எந்தப் பக்கமும் இழுக்கவில்லை என்றால் கடலூர் சாலைக்குப் போகலாம்.